ஒரே ஒரு மேக்னம் ரிவால்வர் வாங்குவதென்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சட்டப்படி கைத்துப்பாக்கி வாங்கும் தகுதியுள்ளவர்களுக்காக எழுதியது இது. சுடுதளத்தில் குறி பழக, காட்டுப் பாதையில் இடுப்பில் வைத்துக்கொள்ள, அனுமதி உள்ள மாநிலத்தில் மான் வேட்டைக்கு, வீட்டுக் காவலுக்கு என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிவால்வர்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது, அதை எப்படிச் சோதிப்பது, எங்கே பழுதாகும் என்பவை இங்கே பதில்களாக உள்ளன. இந்தப் பக்கத்தில் ‘தோட்டா’ என்பது கூடு, மருந்து, பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), குண்டு எல்லாம் சேர்ந்த முழுத் தோட்டா. ‘குண்டு’ என்பது குழல் வழியே பறந்து போகும் உலோகத் துண்டு மட்டும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுங்கள். எதை வாங்கலாம்?

.357 மேக்னம். நான்கு அங்குலக் குழல், முழுக்க எஃகு உடல், ஆறு அல்லது ஏழு தோட்டா கொள்ளும் சிலிண்டர், திருகித் திருத்தக்கூடிய பின்குறி, டபுள் ஆக்‌ஷன் டிரிகர் (இழுத்தாலே ஹேமர் என்னும் சுத்தியலையும் பின்னிழுத்துச் சுடும் வகை). எடை 1.1 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். ரூகர் ஜிபி100, ஸ்மித் அண்ட் வெஸன் 686 இரண்டும் இந்த அளவுக்குள் வருகின்றன. பத்தில் எட்டுப் பேருக்கு இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. கரடி நடமாடும் நாட்டில் வசிப்பவர்களுக்கும், கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடுவதே முதல் நோக்கம் என்பவர்களுக்கும் பதில் வேறு. அது கீழே வருகிறது.

.357-ஐவிடப் பலமானவை இருக்கின்றனவே, ஏன் இது?

பலத்துக்காக இதைச் சொல்லவில்லை. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம் என்பதுதான் காரணம். 1930களின் நடுவில் ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் .357-ஐக் கொண்டுவந்தபோது .38 ஸ்பெஷலின் கூட்டைத்தான் எடுத்து நீட்டினார்கள். குண்டின் விட்டம் ஒன்றே. கூட்டின் நீளம் மட்டும் 1.155 அங்குலத்திலிருந்து 1.290 அங்குலம் ஆனது. பழைய .38 துப்பாக்கிகளில் இந்த பலமான தோட்டா நுழையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே நீட்டினார்கள். அழுத்த வரம்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். .38 ஸ்பெஷலுக்கு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357-க்கு 35,000.

ஆகவே ஒரே துப்பாக்கியில் 148 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) தட்டைமுனை ‘வாட்கட்டர்’ குண்டை நொடிக்கு 700 அடி வேகத்தில் மெல்லச் சுடலாம். 158 கிரெயின் குண்டை 1,200 அடிக்கு மேலும் சுடலாம். முன்னது 1.1 கிலோ துப்பாக்கியில் கையை அசைப்பதே இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கவும் அதுவே போதும். பின்னது மான் அளவு விலங்கை வீழ்த்தும். .38 தோட்டா விலையும் .357-ஐவிடக் குறைவு. நிறையச் சுட்டால்தான் குறி வரும், விலை குறைவாக இருந்தால்தான் நிறையச் சுட முடியும்.

.44 மேக்னம் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் அல்லவா?

1955 இறுதியில் வந்த .44 மேக்னமும் இதே மாதிரிதான், .44 ஸ்பெஷல் தோட்டாவை ஏற்கும். 240 கிரெயின் குண்டு நொடிக்கு 1,200 அடிக்கு மேல் போகும். வேட்டைக்கு .357-ஐவிட எல்லா வகையிலும் மேல். .357-ஐ வைத்து மானை 50 கஜத்துக்குள் மட்டுமே சுட வேண்டும் என்றால், கை பழகியவர் .44-ஐ 100 கஜம் வரை நம்பலாம்.

சிக்கல் உதைப்பில் இருக்கிறது. ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .44-இன் முழுத் தோட்டா .357-ஐப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உதைக்கும். புதிதாகப் பழகுபவர் முதல் பெட்டி முடிவதற்குள் டிரிகரை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடி மணிக்கட்டைக் கீழே தள்ளும் பழக்கத்தைப் பிடித்துவிடுவார். அந்தப் பழக்கம் ஒருமுறை வந்தால் .22-ஐக் கையில் கொடுத்தாலும் தொடரும். போக்கப் பல மாதம் ஆகும். .44 ஸ்பெஷலைச் சுட்டுப் பழகலாம் என்பது உண்மை. ஆனால் அது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, விலையும் .38-ஐவிடக் கூடுதல். சுட்ட கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா நிரப்புபவராக இருந்தால் இந்தக் குறை பெரிதல்ல. அப்படிப்பட்டவர் வேட்டையை முதன்மையாக வைத்திருந்தால், அல்லது அலாஸ்கா போல் பழுப்புக் கரடி உள்ள இடத்தில் இருந்தால், தயங்காமல் .44 வாங்கலாம். ஸ்மித் அண்ட் வெஸன் 629, ரூகர் ரெட்ஹாக் இரண்டும் அதற்குத் தக்கவை.

.41, .327, .454, .500?

1964-இல் வந்த .41 மேக்னம் நல்ல தோட்டா. ஆனால் அதற்கென்று மென்மையான குட்டித் தோட்டா கடையில் இல்லை, தானே நிரப்பாதவர் வாங்கக் கூடாது. .327 ஃபெடரல் சிறிய துப்பாக்கியில் ஆறு தோட்டா வைக்கப் பயன்படும், பெரிய விலங்குக்குக் குறி வைக்க அல்ல. .454 கசுலும் .500-உம் தனி வேலைக்கான கருவிகள். ஒரே துப்பாக்கி என்ற பேச்சில் அவற்றுக்கு இடமில்லை.

குழல் நீளம் எவ்வளவு?

நான்கு அங்குலம். ஆறு அங்குலத்தில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடுவதால் குறி பார்ப்பது எளிது, வேகமும் சற்றுக் கூடும், ஆனால் காரில் உட்கார்ந்தால் இடுப்பில் இடிக்கும். இரண்டு அங்குலக் குழலில் மேக்னம் மருந்து முழுக்க எரிவதற்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. மீதி மருந்து குழல் வாயில் பெரிய தீப்பந்தாக எரிகிறது. சத்தமும் உதைப்பும் மேக்னம் அளவில் இருக்கும், வேகமோ நொடிக்கு 200 அடி வரை குறைந்துபோகும்.

350 கிராம் எடையில் .357 கிடைக்கிறதே, எங்கும் கொண்டுபோக வசதியாக இருக்காதா?

கொண்டுபோக வசதி, சுட வேதனை. எடைதான் உதைப்பை விழுங்குகிறது. ஸ்கேண்டியம் கலந்த உடலும் டைட்டானியம் சிலிண்டரும் கொண்ட ஐந்து தோட்டா ரிவால்வர்களில் முழு மேக்னத்தை ஐந்து முறை சுட்டபின் ஆறாவதைச் சுட யாருக்கும் மனம் வராது.

கூடவே இன்னொரு தொல்லை: துப்பாக்கி பின்னால் வேகமாக உதைக்கும்போது சிலிண்டரில் இன்னும் சுடாமல் இருக்கும் தோட்டாக்களின் கூடுகள் அதனோடு பின்னுக்குப் போகின்றன, கனமான குண்டு இருந்த இடத்திலேயே நிற்கிறது. இப்படி ஒவ்வொரு சூட்டுக்கும் குண்டு கூட்டிலிருந்து சிறிது சிறிதாக உருவப்பட்டு, கடைசியில் சிலிண்டர் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். சிலிண்டர் சுற்றாது. அந்த நிலையில் துப்பாக்கியைத் திறப்பதே கஷ்டம். டைட்டானியம் சிலிண்டர் உள்ள சில மாடல்களில் 120 கிரெயினுக்குக் குறைந்த குண்டு கூடாது என்றும் குழலிலேயே பொறித்திருப்பார்கள். அதை மீறக் கூடாது.

686-ஆ, ஜிபி100-ஆ? பைத்தான் எப்படி?

686-இன் டிரிகர் பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே வழுவழுப்பாக இருக்கும். ஜிபி100-இன் டிரிகர் கொஞ்சம் கரடுமுரடு, சில நூறு தோட்டாக்களுக்குப்பின் இளகும். ஆனால் ஜிபி100-இல் பக்கவாட்டு மூடித் தகடு கிடையாது, உள்ளே இருக்கும் பொறிமுறை ஒரே கட்டாகக் கீழ்வழியாக வெளியே வரும். பழுது பார்க்கவும் துடைக்கவும் சுலபம். அதன் கைப்பிடி ஒரு சிறிய தண்டின்மேல் பொருந்துவதால் சின்னக் கைக்கும் பெரிய கைக்கும் ஏற்ற கைப்பிடிகளை மாற்றிக்கொள்ளலாம். கை சிறியவர்களுக்கு இது பெரிய வசதி. முரட்டு உழைப்புக்கு ஜிபி100, டிரிகரின் நயத்துக்கு 686.

1955-இல் வந்து இடையில் நின்று 2020-இல் திரும்பிவந்த கோல்ட் பைத்தான் அழகானது, துல்லியமானது. விலை கூடுதல். பழைய பைத்தானும் புதியதும் உள்ளே வேறு வேறு. பழையதன் பொறிமுறையைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள்.

ஸ்மித் அண்ட் வெஸனின் பழைய மாடல் 19-ஐப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது கே-ஃபிரேம் என்னும் சற்று சிறிய உடல். குழலின் பின்வாய் கீழ்ப்பக்கத்தில், கிரேன் (சிலிண்டரை வெளியே சாய்த்துத் திறக்கும் கை) மூடுவதற்கு இடம் விட்டுத் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். அந்த இடம் மெல்லியது. 125 கிரெயின் முழு மேக்னத்தைத் தொடர்ந்து சுட்ட பல துப்பாக்கிகளில் அங்கேதான் வெடிப்பு விட்டது. பெரும்பாலும் .38, எப்போதாவது 158 கிரெயின் மேக்னம் என்று சுடுபவருக்கு அது தலைமுறை தாண்டி உழைக்கும். பழைய மாடல் 19 வாங்க நினைத்தால் அந்தச் சீவிய இடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். எல்-ஃபிரேம் என்னும் 686 உடலையே இந்தக் குறையை நீக்கத்தான் பெரிதாகச் செய்தார்கள்.

சிங்கிள் ஆக்‌ஷன் ரூகர் பிளாக்ஹாக் விலை குறைவு. அது போதாதா?

குறி பழகவும் வேட்டைக்கும் போதும், உறுதியில் அதற்கு இணை குறைவு. ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். கூடுகளைப் பக்கவாட்டுக் கதவு வழியே ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். வீட்டுக் காவலும் பட்டியலில் இருந்தால் டபுள் ஆக்‌ஷனே சரி.

1973-க்கு முந்திய பழைய பிளாக்ஹாக் கையில் வந்தால் கவனம். அவற்றில் டிரிகரை இழுத்துப் பிடித்தால் மட்டுமே ஹேமரின் அடியைச் சுடும் ஊசிக்குக் கடத்தும் ‘டிரான்ஸ்ஃபர் பார்’ கிடையாது. ஹேமர் நிற்கும் அறை காலியாக இருக்கும்படி ஐந்து தோட்டா மட்டுமே ஏற்ற வேண்டும், இல்லையென்றால் கீழே விழுந்தால் வெடிக்கலாம். ரூகர் நிறுவனமே இதை இலவசமாக மாற்றித் தருகிறது, அனுப்பி மாற்றிக்கொள்வது நல்லது.

கையில் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கடையில், துப்பாக்கி காலி என்று நீங்களே சிலிண்டரைத் திறந்து பார்த்தபின், குழல் முன்கையின் நேர்கோட்டில் வரும்படி பிடியுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு டிரிகரில் படிய வேண்டும். அதற்காகக் கைப்பிடியைச் சுழற்றிப் பிடிக்க வேண்டியிருந்தால் கைப்பிடி பெரிது. டபுள் ஆக்‌ஷன் இழுப்பு 10 முதல் 12 பவுண்டு இருக்கும். பத்து முறை இழுத்தபின் முன்குறி நடுங்கத் தொடங்குகிறதா பாருங்கள். கைப்பிடியின் மேல்விளிம்புவரை உள்ளங்கை ஏறிப் பிடிக்க வேண்டும். கீழே பிடித்தால் துப்பாக்கி கையில் மேல்நோக்கிச் சுழலும்.

எந்த வேலைக்கு எந்தத் தோட்டா?

பழகுவதற்கு .38 ஸ்பெஷல் 148 அல்லது 158 கிரெயின். வீட்டுக் காவலுக்கு .38 +பி (சற்று அழுத்தம் கூட்டிய வகை) குழிமுனைக் குண்டு போதும். அறைக்குள் முழு மேக்னம் சுட்டால் காது செயலிழக்கும், தீப்பொறி கண்ணைக் கூசவைக்கும், ஜிப்சம் பலகைச் சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கும் குண்டு போகும். மானுக்கு 158 கிரெயின் மென்முனைக் குண்டு, அல்லது 180 கிரெயின் கடின வார்ப்பு. எந்த மாநிலத்தில் எந்த அளவு குண்டுக்கு அனுமதி என்பது மாறும், அந்த ஆண்டின் வேட்டை விதிநூலைப் படித்தபின்பே காட்டுக்குப் போகவும். மென்மையான ஈயக் குண்டை மேக்னம் வேகத்தில் சுடாதீர்கள். ஈயம் குழலின் காடிகளில் பூசிக்கொண்டு இருபது முப்பது தோட்டாவுக்குள் குறி சிதறத் தொடங்கும்.

தோட்டாவை மாற்றினால் குறி மாறுகிறது. துப்பாக்கியில் கோளாறா?

இல்லை. ரிவால்வர் உதைக்கும்போது குழல் மேல்நோக்கி எழுகிறது, குண்டு குழலுக்குள் இருக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. கனமான, மெதுவான குண்டு குழலில் அதிக நேரம் இருப்பதால் குழல் இன்னும் சற்று உயர்ந்தபின் வெளியேறுகிறது. ஆகவே 25 கஜத்தில் 158 கிரெயின் மேலேயும் 125 கிரெயின் கீழேயும் படும். வேகமான குண்டுதானே மேலே போக வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். திருத்தக்கூடிய பின்குறியைக் கேட்பதற்குக் காரணம் இதுதான். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்குறியை நகர்த்துங்கள். நீங்கள் அதிகம் நம்பியிருக்கும் ஒரு தோட்டாவுக்குக் குறியை நிலைப்படுத்தி, மற்றவை எவ்வளவு தள்ளிப் படுகின்றன என்று அட்டையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்கும்போது எவற்றைச் சோதிப்பது?

சிலிண்டரைத் திறந்து காலி என்று உறுதிசெய்தபின் இந்த வரிசையில் பாருங்கள். விற்பவர் இவற்றைச் செய்ய விடவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

முதலில் டைமிங், அதாவது அறை குழலுக்கு நேராக வந்து பூட்டும் நேரம். சிலிண்டரில் ஒரு விரலை லேசாக வைத்து இழுத்துப் பிடித்தபடி ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன்பே சிலிண்டர் ‘டக்’கென்று பூட்ட வேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஓர் அறை மட்டும் பிந்தினாலும், குண்டு குழலின் பின்வாயில் ஓரமாக மோதி ஈயத் துணுக்கைப் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் குத்தும்.

அடுத்து, இழுத்து நிறுத்திய ஹேமரை டிரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் முன்னுக்கு அழுத்துங்கள். நழுவி விழுந்தால் யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள், வாங்க வேண்டாம்.

பிறகு குழலுக்கும் சிலிண்டர் முகப்புக்கும் உள்ள இடைவெளி. ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளக்க வேண்டும். 0.004 முதல் 0.008 அங்குலம் நல்லது. 0.012-ஐத் தாண்டினால் பட்டறைக்குப் போக வேண்டியது. சிலிண்டரை முன்னுக்குத் தள்ளி ஒருமுறை, பின்னுக்குத் தள்ளி ஒருமுறை அளந்து கழித்தால் சிலிண்டரின் முன்பின் ஆட்டம் தெரியும். அது 0.003-க்குள் இருக்கட்டும்.

குழலின் பின்வாயில் வெடிப்போ ஆழமான அரிப்போ இருக்கிறதா, குழலுக்குள் வளையம்போல் ஒரு வீக்கம் தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். வளையம் இருந்தால், உள்ளே சிக்கிய குண்டின்மேல் இன்னொரு குண்டைச் சுட்டிருக்கிறார்கள். மேல்பட்டையின் உட்பக்கத்தில் தீ அரித்த மெல்லிய கோடு இருந்தால் கவலை வேண்டாம், ஓரளவுக்குப்பின் அது தானே நின்றுவிடும். திருகுகளின் தலை சிதைந்திருந்தால் பழக்கமில்லாதவர் கை பட்டிருக்கிறது.

ரிவால்வர் சிக்காது என்கிறார்களே?

சிக்கும், பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய காரணங்களால். எரியாத மருந்துத் துகள் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் (கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகடு) அடியில் புகுவதுதான் முதல் காரணம். ஒரு துகள் போதும், நட்சத்திரம் முழுதாக உட்காராது, சிலிண்டர் மூடாது அல்லது இறுகிச் சுற்றும். கூடுகளை வெளியேற்றும்போது குழல் வானத்தைப் பார்க்க இருக்கட்டும், தண்டை ஒரே அடியாக அழுத்துங்கள். துகளும் கூட்டோடு கீழே விழும். துடைக்கும்போது அந்த நட்சத்திரத்தின் அடியைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து உலரவிடுங்கள், எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எக்ஸ்ட்ராக்டர் தண்டு தானே திருகி இளகினால் சிலிண்டர் திறக்கவே மறுக்கும். ஸ்மித் அண்ட் வெஸனின் பிற்காலத் துப்பாக்கிகளில் அது இடப்பக்கம் திருப்பினால் இறுகும் திருகு, வழக்கமான திசையில் இறுக்கினால் கழன்றுவிடும்.

.38 நிறையச் சுட்டபின் .357 உள்ளே போக மறுக்கிறதா? குட்டைக் கூட்டின் வாய் நிற்கும் இடத்தில் கரி வளையமாகப் படிந்திருக்கிறது. அதன்மேல் மேக்னத்தைத் திணித்துச் சுட்டால் அழுத்தம் கூடும், சுட்ட கூடு அறையில் ஒட்டிக்கொள்ளும். கரைப்பான் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து வெண்கலத் தூரிகையால் ஒவ்வோர் அறையையும் தேயுங்கள். .38 சுட்ட நாளிலேயே செய்தால் ஐந்து நிமிட வேலை.

டிரிகரை இளக்குவதற்காக 686-இன் கைப்பிடி முன்பக்கத் திருகைத் தளர்த்துபவர்கள் உண்டு. ஹேமரின் அடி பலம் குறைந்து தோட்டா வெடிக்காமல் போகும். அந்தத் திருகு முழுக்க இறுகியே இருக்க வேண்டும்.

சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக ‘புஸ்’ என்று வந்தால்?

நிறுத்துங்கள். மருந்து இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் பாதியில் நிறுத்தியிருக்கலாம். குழலை இலக்கின் பக்கமே நீட்டி அரை நிமிடம் காத்திருந்து, சிலிண்டரைத் திறந்து காலிசெய்து, குழலைப் பார்க்கவும். சிக்கியிருந்தால் பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்க வேண்டும். அடுத்ததைச் சுட்டு அதைத் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர் குழலை இழப்பார், சில வேளை விரலையும். சிலிண்டர் திறக்கவில்லை என்றால் துப்பாக்கி தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கண்ணை மூடிச் சுடும் பழக்கத்தை எப்படிப் போக்குவது?

நண்பர் ஒருவரைச் சிலிண்டரில் நான்கு தோட்டாவும் இரண்டு வெற்றுக் கூடும் கலந்து ஏற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். எது எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. வெற்றுக் கூட்டில் ஹேமர் விழும்போது முன்குறி கீழே குதித்தால் பிழை கண்முன் நிற்கும். குறி அசையாமல் நிற்கும்வரை .38 மட்டும் சுடுங்கள். ஒரு நாளில் 50 தோட்டா என்றால் 40 .38 ஆகவும், நடுவில் 10 மட்டும் மேக்னமாகவும் இருக்கட்டும், கடைசியில் மறுபடி .38-இல் முடியுங்கள். வீட்டில் தோட்டா வேறு அறையில் இருக்க, காலித் துப்பாக்கியில் டிரிகர் இழுத்துப் பழகுவது இன்றைய 686-ஐயும் ஜிபி100-ஐயும் கெடுக்காது.

காதுக்கு என்ன பாதுகாப்பு?

140 டெசிபலுக்கு மேற்பட்ட ஒற்றைச் சத்தமே காதை நிரந்தரமாகக் கெடுக்கும், .357 அதை வெகுவாகத் தாண்டுகிறது. உள்ளே நுரை (ஃபோம்) அடைப்பான், வெளியே மூடி, இரண்டும் சேர்த்துப் போடுங்கள். கண்ணாடி கட்டாயம். விரலைச் சிலிண்டருக்கு முன்னால் நீட்டாதீர்கள், இடைவெளி வழியே பாயும் வாயு சதையை அறுக்கும்.

தோட்டாவை நானே நிரப்பலாமா?

.357 நேர்ச்சுவர்க் கூடு. கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் கார்பைடு அச்சு இருந்தால் எண்ணெய் தடவ வேண்டாம், ஒரே அச்சில் .38-உம் நிரப்பலாம். அளவுகளை அச்சான கையேட்டிலிருந்து மட்டுமே எடுங்கள். இதில் பெரிய ஆபத்து இரட்டை மருந்து. மென்மையான .38-க்குரிய வேகமான மருந்து கூட்டின் அடியில் கொஞ்சமே இருக்கும், இரண்டு தடவை விழுந்தாலும் கூடு வழியாது. குண்டு வைக்கும் முன் 50 கூடுகளையும் பலகையில் நிறுத்தி விளக்கடித்து உள்மட்டத்தை ஒப்பிடுங்கள். கனமான மேக்னக் குண்டுக்குக் கூட்டின் வாயைக் குண்டின் காடிக்குள் உருட்டி இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னே சொன்னபடி குண்டு உருவப்படும்.

இதே தோட்டாவில் நீளத் துப்பாக்கியும் கிடைக்கிறதா?

மார்லின் 1894, ஹென்றி போன்ற லீவர் ஆக்‌ஷன் கார்பைன்கள் .357-இல் வருகின்றன. 16 அங்குலத்துக்கு மேற்பட்ட குழலில் 158 கிரெயின் குண்டு நொடிக்கு 1,700 அடியை எட்டும், மான் வேட்டைத் தூரம் 100 கஜமாக நீளும். பின்னால் இன்னொன்று வாங்க மனம் வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

சுடுதளத்துக்கு எடுத்துப்போகும் பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பை மடிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலையச் சோதனையில் தெரிந்தால்கூட 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். அமெரிக்க விமான நிலையத்திலும் கைப்பையில் தோட்டா கூடாது. சுடுதளப் பைக்கு என்று தனி நிறம் வைத்து, துப்பாக்கிப் பெட்டகத்தின் அருகிலேயே பூட்டி வையுங்கள்.